கம்ப்ரஸர் எப்படி வேலை செய்கிறது: புதிதாக ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு

ஒரு குரல் பதிவைத் திறந்து அதன் அலைவடிவத்தைப் பாருங்கள். பேசுகிறவர் தாழ்ந்த குரலில் சொன்ன வரி மெல்லிய கோடாகக் கிடக்கும், அடுத்த நொடியே அவர் வாய்விட்டுச் சிரித்த இடம் திரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த வரி கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டினால் சிரிப்பு காதில் அறைகிறது, சிரிப்புக்காகக் குறைத்தால் வரி காணாமல் போகிறது. இந்த இடைவெளிக்குத்தான் டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். அதைச் சுருக்குகிற கருவி கம்ப்ரஸர்.

அது செய்வது ஒரே வேலை. சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் குறைக்கும், எல்லைக்குள் திரும்பியதும் விட்டுவிடும். வால்யூம் குமிழில் ஒருவர் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், சத்தம் ஏறினால் திருகிக் குறைக்கிறார், இறங்கினால் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கை எந்த அளவில் அசையத் தொடங்கும், எவ்வளவு திருகும், எவ்வளவு வேகமாகத் திருகும், எவ்வளவு நேரத்தில் விடும் என்று நான்கு கேள்விகள், அவற்றுக்கு நான்கு குமிழ்கள்: த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் அளவு சுருங்குகிறதே, அதையும் கம்ப்ரஷன் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அது வேறு விஷயம், இங்கே அதற்கு இடமில்லை.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் த்ரெஷோல்டையும் ரேஷியோவையும் மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்டாக்கையும் ரிலீஸையும் பிளகின் (ஒலி மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் துணைக் கருவி) எப்படித் தந்ததோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒலியின் குணத்தை மாற்றுவதே அந்த இரண்டு நேரக் குமிழ்கள்தான். அதனால் இந்தக் கட்டுரையில் அவற்றுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

தொடங்கும் முன்

உங்களுக்கு வேண்டியது ஒரு நிமிடக் குரல் பதிவு, கொஞ்சம் நல்ல ஹெட்ஃபோன், கம்ப்ரஸர் உள்ள ஏதாவது ஒரு மென்பொருள். ஆடாசிட்டி போதும், ரீப்பரில் வரும் ரியாகாம்ப் இன்னும் நல்லது, ஏனென்றால் அதில் எல்லாக் குமிழ்களும் வெளிப்படையாக இருக்கின்றன, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக் கேட்கலாம். பழைய ஆடாசிட்டியில் கம்ப்ரஸரை ஓடும் ஒலியில் மாற்றிக் கேட்க வழியில்லை, 3.6 பதிப்பிலிருந்து உண்டு. பதிவில் ஒரு வரி மெதுவாகவும், ஒரு வரி சாதாரணமாகவும், ஒரு வரி உரக்கவும் பேசிவிடுங்கள், பிறகு எங்கே என்ன மாறுகிறது என்று கேட்க வசதியாக இருக்கும்.

டெசிபல் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். டிஜிட்டலில் 0 என்பது கூரை, அதற்கு மேலே இடமில்லை, போனால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும். ஆகவே எல்லா அளவும் மைனஸில்தான் இருக்கும். 6 டெசிபல் கூடினால் அலையின் உயரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 20 கூடினால் சரியாகப் பத்து மடங்கு. காது இப்படிக் கணக்குப் போடுவதில்லை, ஏறத்தாழ 10 டெசிபல் கூடினால்தான் நமக்குச் சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்றும்.

இன்னொரு முன்வேலையும் உண்டு, பலர் தாண்டிப் போவது இதைத்தான். பதிவில் ஒரு பத்தி முழுக்க மற்றதைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், மைக்கை விட்டு விலகிப் பேசியிருந்தால், கம்ப்ரஸரிடம் அதைக் கொடுக்காதீர்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி அதன் கெயினை, அதாவது சத்த அளவை, கையால் உயர்த்துங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் கம்ப்ரஸர் பாதி சிரமப்பட்டால் போதும் என்று ஆகிவிடும், முடிவும் இயல்பாக இருக்கும்.

த்ரெஷோல்டும் ரேஷியோவும்

எண்களை வைத்தே பார்த்துவிடுவோம். த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 4:1 என்று வைத்திருக்கிறீர்கள். மைனஸ் 20க்குக் கீழே உள்ள எதையும் கம்ப்ரஸர் தொடாது. அதைத் தாண்டியவற்றில், தாண்டிய அளவை மட்டும் நான்கால் வகுக்கும். ஒரு சொல் மைனஸ் 8ல் வருகிறது என்றால் எல்லையை 12 டெசிபல் தாண்டியிருக்கிறது, 12ஐ நான்கால் வகுத்தால் 3, ஆக வெளியே வருவது மைனஸ் 17. குறைந்தது 9 டெசிபல். மீட்டரில் கெயின் ரிடக்ஷன் என்று காட்டுவது இந்த 9ஐத்தான்.

இப்போது நம் சிரிப்பையும் மெல்லிய வரியையும் எடுத்துக்கொள்வோம். வரி மைனஸ் 30, சிரிப்பு மைனஸ் 6, இடைவெளி 24 டெசிபல், அதாவது அலையின் உயரத்தில் ஏறத்தாழ பதினாறு மடங்கு வித்தியாசம். வரி எல்லைக்குக் கீழே இருப்பதால் அப்படியே நிற்கிறது. சிரிப்பு 14 தாண்டியிருக்கிறது, அது 3.5 ஆகிறது, வெளியே மைனஸ் 16.5. இடைவெளி 24லிருந்து 13.5க்கு இறங்கிவிட்டது. இப்போது மேக்கப் கெயின் என்ற குமிழால் மொத்தத்தையும் 10 டெசிபல் ஏற்றுங்கள். சிரிப்பு மைனஸ் 6.5, ஏறத்தாழ பழைய இடம். வரியோ மைனஸ் 30லிருந்து மைனஸ் 20க்கு வந்துவிட்டது.

கம்ப்ரஸர் சத்தமானதைக் குறைக்கிறது என்று படித்திருப்பீர்கள், அது உண்மைதான், ஆனால் கேட்பவர் காதில் விழும் பலன் மெல்லியது மேலே வந்ததுதான். அதே பத்து டெசிபல் உங்கள் அறையின் ஃபேன் சத்தத்தையும், கணினியின் இரைச்சலையும், வாய் திறக்கும் ஓசையையும், மூச்சையும் மேலே தூக்கிவிடும். ஒலிநூல்களை வெளியிடும் ஏசிஎக்ஸ் தளம் பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. உங்கள் அறை இரைச்சல் மைனஸ் 65 என்றால் பதிவு தேறிவிடும், 10 டெசிபல் மேக்கப் கொடுத்தால் அது மைனஸ் 55, தேறாது. அறையின் குறையைக் கம்ப்ரஸர் மறைக்காது, வெளிச்சம் போட்டுக் காட்டும். முதலில் மைக்குக்குக் கிட்டே வந்து பேசுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், பிறகு கம்ப்ரஸருக்கு வாருங்கள்.

ரேஷியோவைப் பொறுத்தவரை 2:1 மென்மை, 4:1 நடுத்தரம், 10:1க்கு மேல் போனால் லிமிட்டர் என்றே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ‘சாஃப்ட் நீ’ என்று ஒன்று இருக்கும், எல்லையைத் தொட்டதும் முழு ரேஷியோவும் சட்டென்று விழாமல், எல்லைக்குச் சற்று முன்பிருந்தே படிப்படியாக ஏறும் அமைப்பு அது. குரலுக்கு அதைத் திறந்து வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

உள்ளே நடப்பது

கம்ப்ரஸருக்குள் நுழைந்ததும் ஒலி இரண்டு பாதையாகப் பிரிகிறது. ஒன்று நாம் கேட்கப்போகும் ஒலி. இன்னொன்று அளப்பதற்கு மட்டும், இதற்கு சைட்செயின் என்று பெயர். அளக்கும் பாதையில் அலையின் கீழ்ப்பாதி மேலே மடக்கப்பட்டு, எவ்வளவு உயரம் என்று பார்க்கப்படுகிறது. சில கருவிகள் உச்சத்தை அளக்கும், சில கருவிகள் கொஞ்ச நேரத்துக்கான சராசரி வலுவை அளக்கும், அதற்கு ஆர்எம்எஸ் என்று பெயர். உச்சத்தை அளப்பது சொடுக்கு, தட்டு போன்ற திடீர் ஒலிகளைப் பிடித்துவிடும், ஆர்எம்எஸ் காது சத்தத்தை உணரும் விதத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். அளந்த அளவை த்ரெஷோல்டுடன் ஒப்பிட்டு, ரேஷியோவை வைத்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தக் குறைப்பை முதல் பாதையில் ஓடும் ஒலியின் மேல் பெருக்குகிறது. 6 டெசிபல் குறைக்க வேண்டும் என்றால் ஏறத்தாழ 0.5ஆல் பெருக்கல், 9 என்றால் 0.35ஆல்.

இந்தப் பெருக்கும் எண் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கிறது. அது எவ்வளவு விரைவாக மாறலாம் என்று கட்டுப்படுத்துவதுதான் அட்டாக்கும் ரிலீஸும். குறைப்பு அதிகரிக்கும்போதெல்லாம் அட்டாக் ஆளும், குறைப்பு தளரும்போதெல்லாம் ரிலீஸ் ஆளும். ஒலி த்ரெஷோல்டுக்குக் கீழே வந்தால்தான் ரிலீஸ் தொடங்கும் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. மைனஸ் 6லிருந்து மைனஸ் 12க்கு இறங்கினால்கூட, இரண்டுமே எல்லைக்கு மேலே இருந்தாலும், தேவைப்படும் குறைப்பு குறைந்துவிட்டதால் ரிலீஸ் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

அட்டாக் பற்றியும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. 20 மில்லிசெகண்ட் அட்டாக் என்றால் 20 மில்லிசெகண்ட் சும்மா காத்திருந்துவிட்டுப் பிறகு குறைக்கும் என்று நினைப்பார்கள். அப்படிக் காத்திருப்பதில்லை. எல்லையைத் தாண்டிய கணத்திலேயே குறைக்கத் தொடங்கிவிடும், குறைக்க வேண்டியதில் பெரும்பகுதியை எட்டுவதற்கு அந்த நேரம் எடுக்கும், அவ்வளவே. பெரும்பகுதி என்றால் எவ்வளவு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக வரையறுக்கிறார்கள், சிலர் 63 சதவீதம், சிலர் 90 சதவீதம். அதனால் ஒரு பிளகினில் 10 என்பதும் இன்னொன்றில் 10 என்பதும் ஒன்றல்ல, யாரோ சொன்ன எண்ணை அப்படியே போட்டுவிட்டுக் கிடைக்கவில்லையே என்று திகைப்பது இதனால்தான்.

காதுக்குப் பயிற்சி

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. மெதுவாகச் செய்யுங்கள். மென்மையான அமைப்பில் கம்ப்ரஸர் என்ன செய்கிறது என்று பழகாத காதுக்குக் கேட்கவே கேட்காது, அதனால் முதலில் அளவுக்கு மீறிப் போட்டுக் கேட்டு, பிறகு இயல்புக்குத் திரும்புவதுதான் சரியான வழி.

ரேஷியோவை 10:1 ஆக்குங்கள். குரலை ஓடவிட்டு, மீட்டர் 15லிருந்து 20 டெசிபல் குறைப்பைக் காட்டும்வரை த்ரெஷோல்டை இறக்கிக்கொண்டே போங்கள். மேக்கப் கெயினால் சத்தத்தை மீட்டுக்கொள்ளுங்கள். கேட்கச் சகிக்காது, பரவாயில்லை.

இப்போது ரிலீஸை 100 மில்லிசெகண்டில் நிறுத்திவிட்டு, அட்டாக்கை அது எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறையுங்கள். ‘பட்டம்’, ‘கட்டு’ என்று வல்லின மெய் அழுந்தி வரும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். ‘ட்ட’ என்ற இடத்தில் நாக்கு மேலண்ணத்தை விட்டு விலகும்போது ஒரு சின்ன வெடிப்பு உண்டு, சில மில்லிசெகண்ட் நேரம்தான் இருக்கும். வேகமான அட்டாக்கில் அந்த வெடிப்பு மழுங்கிப்போய், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். அட்டாக்கை மெல்ல மெல்லக் கூட்டுங்கள், 5, 10, 20, 40. ஏதோ ஓரிடத்தில் அந்த ‘ட்’ திடீரென்று உயிர்பெற்று வெளியே வரும், ஏனென்றால் கம்ப்ரஸர் பிடித்துக் குறைப்பதற்குள் வெடிப்பு தப்பிவிடுகிறது, பின்னால் வரும் உயிரொலிதான் மாட்டிக்கொள்கிறது. இன்னும் கூட்டிக்கொண்டே போனால் மெய்யெழுத்துகள் துருத்திக்கொண்டு காதில் குத்தும். தப்பவிடலாம், ஆனால் குத்தக் கூடாது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று உங்கள் காது கண்டுபிடிக்கும்வரை முன்னும் பின்னும் போய்வாருங்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்காது.

அடுத்து ரிலீஸ். அட்டாக்கை 10ல் நிறுத்துங்கள். ரிலீஸை மிகவும் குறைத்துவிட்டுக் கேட்டால் ஒவ்வோர் அசைக்கும் நடுவில் அறையின் இரைச்சல் எகிறி எகிறி இறங்கும், மூச்சு வாங்கும் ஓசை பேச்சுக்குச் சமமாக வந்து நிற்கும். இதற்குப் பம்பிங் என்று சொல்வார்கள். ரிலீஸை ஒரு நொடி, இரண்டு நொடி என்று நீட்டினால் இதற்கு நேர்மாறு: ஒரு சொல்லை உரக்கச் சொன்னதும் குரல் தாழ்ந்துபோய், அடுத்த நான்கைந்து சொற்களும் அடிவாங்கியே வரும், குறைப்பு மீட்டர் பூஜ்ஜியத்துக்குத் திரும்பவே திரும்பாது. சாதாரணப் பேச்சில் நொடிக்கு நான்கு, ஐந்து அசைகள் வருகின்றன, ஆக ஓர் அசைக்கு ஏறத்தாழ 200 மில்லிசெகண்ட். ரிலீஸ் இதைவிடக் குறைவாக இருந்தால் கம்ப்ரஸர் அசைக்கு அசை வேலை செய்கிறது, இதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் சொற்றொடரின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்கிறது. எது வேண்டும் என்பது உங்கள் பதிவைப் பொறுத்தது. விளம்பரக் குரல்போல அடர்த்தியாக முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றால் முதலாவது, கதை சொல்லும் குரல்போல இயல்பாக ஓட வேண்டும் என்றால் இரண்டாவது.

தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் மாதிரியானவற்றில் இன்னொன்றும் நடக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடிய 20 மில்லிசெகண்ட் ஆகிறது. அட்டாக்கும் ரிலீஸும் அதைவிடக் குறைவாக இருந்தால் கம்ப்ரஸர் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையின் வடிவத்தையே துரத்தத் தொடங்கிவிடும், மேலே போகும்போது குறைத்து, நடுவில் விட்டு, கீழே போகும்போது மறுபடி குறைத்து. அலையின் உருவம் மாறினால் அது டிஸ்டார்ஷன்தான். பேஸ் கரகரவென்று கேட்டால் முதலில் ரிலீஸைப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்டாயிற்றா? இப்போது ரேஷியோவை 3:1க்குக் கொண்டுவாருங்கள், உரத்த சொற்களில் 4லிருந்து 6 டெசிபல் குறைப்பும், மெல்லிய வரிகளில் குறைப்பே இல்லாமலும் இருக்கும்படி த்ரெஷோல்டை உயர்த்துங்கள். நீங்கள் அமைத்த அட்டாக்கும் ரிலீஸும் அப்படியே இருக்கட்டும். வேலை செய்வது கேட்காது, ஆனால் குரல் ஒரே இடத்தில் நிற்கும்.

சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஒலியை இரண்டுமுறை போட்டு ஒன்றை ஒரே ஒரு டெசிபல் கூட்டிவைத்தால், கூடுதலாக உள்ளதுதான் தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும். மேக்கப் கெயினைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, கம்ப்ரஸரை இணைக்கவும் விலக்கவும் செய்யும் பைபாஸ் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தால், எவ்வளவு மோசமான அமைப்பும் ஜெயித்துவிடும். கம்ப்ரஸர் போட்டதும் போடாததும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி மேக்கப்பை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பைபாஸ் பொத்தானைப் பலமுறை அழுத்தி எது எது என்று தெரியாமல் போனபின், எது நன்றாக இருக்கிறது என்று தீர்மானியுங்கள். ஆட்டோ மேக்கப் என்று ஒரு வசதி பல பிளகின்களில் இருக்கும், அது கணக்கை வைத்து ஏற்றுவது, காதை வைத்து அல்ல. அதை அணைத்துவிடுவது நல்லது.

ஒரே கம்ப்ரஸரால் 10 டெசிபல் குறைப்பதைவிட, இரண்டை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றும் 4, 5 குறைப்பது பெரும்பாலும் இயல்பாக இருக்கும். முதலாவது வேகமானது, துள்ளி எழும் உச்சங்களை மட்டும் பிடிக்கும். இரண்டாவது நிதானமானது, மீதியைச் சீராக்கும். பாட்டுக்குப் பதிவுசெய்த குரலில் இது மிகவும் உதவும்.

தாளக் கருவிகளில் நோக்கமே வேறு. டிரம் ஒலியின் முதல் அடி தப்பிப் போகட்டும் என்று அட்டாக்கை 20, 30 என்று வைத்தால் அடி கூர்மையாகிறது. ரிலீஸ் அடுத்த அடி விழுவதற்குள் மீட்டர் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்படி இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு அரை நொடி, அந்த எல்லைக்குள் ரிலீஸை வைத்துக்கொண்டு மீட்டரின் முள் பாட்டோடு சேர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். டிரம்மைப் பலமாகக் கம்ப்ரஸ் செய்த பிரதி ஒன்றையும் தொடாத பிரதி ஒன்றையும் ஒன்றாகக் கலப்பதும் உண்டு, பேரலல் கம்ப்ரஷன் என்பார்கள். அடிகளின் கூர்மை தொடாத பிரதியிலிருந்து கிடைக்கும், நடுவில் உள்ள மெல்லிய ஒலிகளின் அடர்த்தி மற்றதிலிருந்து கிடைக்கும்.

பிளகின்களின் முகம் ஏன் வேறு வேறாக இருக்கிறது

ஒன்றில் ஐந்து குமிழ், இன்னொன்றில் இரண்டே குமிழ், மூன்றாவதில் த்ரெஷோல்டே இல்லை என்று பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். இவற்றில் பல பழைய வன்பொருள் கருவிகளின் நகல்கள்.

எல்ஏ-2ஏ என்பது 1960களின் கருவி, டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக ஜிம் லாரன்ஸ் வடிவமைத்தது. உள்ளே ஒளிரும் தகடு ஒன்றும் ஒளியைப் பார்த்து மின்தடை மாறும் பொருள் ஒன்றும் எதிரெதிரே இருக்கும். ஒலி உரத்தால் தகடு பிரகாசமாகும், தடை மாறும், சத்தம் குறையும். வெளிச்சம் அணைந்தாலும் அந்தப் பொருள் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது, பாதி தூரம் சீக்கிரமாகவும் மீதி தூரம் சில நொடிகள் எடுத்துக்கொண்டும் திரும்பும். அட்டாக், ரிலீஸ் குமிழே அதில் கிடையாது, அந்தப் பொருளின் இயல்பே நேரத்தைத் தீர்மானிக்கிறது. பாடகர் குரலுக்கு அது இன்றும் விரும்பப்படுவது இந்தச் சோம்பலான திரும்புதலால்தான்.

1176 இதற்கு நேரெதிர். பில் புட்னம் 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது, எஃப்இடி என்ற டிரான்ஸிஸ்டர் வகையை வைத்துச் சத்தத்தைக் கட்டுப்படுத்துவது. அட்டாக் 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 மைக்ரோசெகண்ட் வரை, அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழ்தான். அதில் த்ரெஷோல்ட் நிலையானது, உள்ளே அனுப்பும் ஒலியை இன்புட் குமிழால் கூட்டினால்தான் கம்ப்ரஷன் கூடும். குமிழ்களும் தலைகீழ், எண் பெரிதானால் வேகம் கூடுகிறது, நகல் பிளகின்களும் அதை அப்படியே வைத்திருக்கின்றன, அட்டாக்கை மெதுவாக்க வேண்டும் என்று நினைத்து 7க்குத் திருப்பினால் மிக வேகமானதில் போய் நிற்பீர்கள். ஃபேர்சைல்ட் 670 வெற்றிடக் குழாய்களால் ஆனது, அதில் ஒலி உரக்க உரக்க ரேஷியோவும் தானே ஏறும். டிபிஎக்ஸ் 160 போன்றவை விசிஏ என்ற சுற்றை வைத்து இயங்குபவை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வகை. கற்றுக்கொள்கிற காலத்தில் இந்த நகல்களைத் தொடாமல், எல்லாக் குமிழும் தெளிவாக உள்ள சாதாரண கம்ப்ரஸரிலேயே இருங்கள் என்பது என் யோசனை. என்ன நடக்கிறது என்று புரிந்தபின் அவற்றின் ருசி தானாகவே தெரியும்.

சைட்செயினை நமக்குச் சாதகமாக்குவது

அளக்கும் பாதை தனியாக இருப்பதால் அதற்கு மட்டும் வேறொன்றைக் கொடுக்கலாம். முழுப் பாட்டையும் ஒரு கம்ப்ரஸர் வழியாக அனுப்பும்போது கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) விழும்போதெல்லாம் பாட்டு மொத்தமும் குனிகிறது என்றால், அளக்கும் பாதையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிடுங்கள். கேட்கும் ஒலியில் கிக் அப்படியே இருக்கும், கம்ப்ரஸர் மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. நேர்மாறாக, அளக்கும் பாதையில் 5லிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் விட்டால் ‘ஸ’, ‘ஷ’ சீறும்போது மட்டும் குறைக்கும் கருவி கிடைக்கிறது, அதுதான் டி-எஸ்ஸர். குரலில் கம்ப்ரஷன் போட்டபின் சீறல் கூடியதுபோல் தோன்றினால் இதைத் தேடுங்கள்.

பின்னணி இசையின் மேல் கம்ப்ரஸரைப் போட்டு, அளப்பதற்கு உங்கள் குரலைக் கொடுத்தால், நீங்கள் பேசும்போது இசை தானே தாழும், நிறுத்தியதும் எழும். நேரலை செய்கிறவர்கள் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளின் கம்ப்ரஸர் வடிகட்டியிலேயே இதைச் செய்யலாம், ‘சைட்செயின்/டக்கிங் சோர்ஸ்’ என்று கேட்கும் இடத்தில் உங்கள் மைக்கைக் காட்டுங்கள். அதே ஓபிஎஸ் கம்ப்ரஸரை மைக்கின் மேல் போடும்போது அது தானாகத் தரும் ரேஷியோ 10:1, அது பேச்சுக்குக் கடுமையானது. 3 அல்லது 4க்கு இறக்கிக்கொள்ளுங்கள். இசையைத் தாழ்த்துவதற்கு ரிலீஸ் அரை நொடியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்கள் சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியில் எல்லாம் இசை எட்டிப்பார்க்கும்.

கடைசியில் லிமிட்டர்

ரேஷியோவை முடிவிலிவரை கொண்டுபோனால் எல்லைக்கு மேல் எதுவுமே போகாது, அதுதான் லிமிட்டர். டிஜிட்டல் லிமிட்டர்கள் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, வரப்போவதை முன்கூட்டியே பார்த்துக் குறைக்கும். அதை வரிசையில் கடைசியாக வைத்து, உச்சவரம்பை மைனஸ் 1 ஆக வையுங்கள். 0 வரை விட்டால் என்ன என்று தோன்றும். அலை மீண்டும் தொடர் ஒலியாக மாறும்போது டிஜிட்டலில் அலையை அளந்து வைத்த இரண்டு மாதிரிப் புள்ளிகளுக்கு நடுவே அதன் உண்மையான உச்சம் 0ஐத் தாண்டக்கூடும், எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாற்றும்போதும் உச்சங்கள் கொஞ்சம் எழும். அதற்கான இடம்தான் அந்த ஒரு டெசிபல்.

பதிவை எல்லோருடையதையும்விட உரக்க ஆக்கிவிட வேண்டும் என்று லிமிட்டரை அழுத்தாதீர்கள், அதனால் இப்போது லாபமே இல்லை. காது உணரும் சத்தத்தை அளக்கும் முறை ஒன்று 2006ல் பிஎஸ்.1770 என்ற பெயரில் வந்தது, அந்த அளவை எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் சொல்கிறார்கள். 2010ல் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் ஒன்றியம் ஆர்128 என்ற பரிந்துரையில் மைனஸ் 23ஐ ஒளிபரப்புக்கான அளவாக்கியது. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14ஐ அடிப்படையாக வைத்துப் பாட்டுகளைச் சமப்படுத்துகிறது, பாட்காஸ்டுகளுக்கு ஆப்பிள் சொல்வது மைனஸ் 16. நீங்கள் லிமிட்டரில் நசுக்கி மைனஸ் 8க்குக் கொண்டுபோன பாட்டை ஸ்பாட்டிஃபை 6 டெசிபல் இறக்கி மைனஸ் 14ல்தான் ஒலிக்கச் செய்யும். உச்சங்களைத் தொலைத்தது மட்டும் மிச்சமாகும், பக்கத்தில் நசுக்காத பாட்டு அதே சத்தத்தில் இன்னும் துடிப்பாக ஒலிக்கும்.

வரிசை என்று கேட்டால் நான் குரலுக்கு வைப்பது இது: முதலில் கையால் கெயின் சரிசெய்தல், பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டும் வடிகட்டி, பிறகு கம்ப்ரஸர், டி-எஸ்ஸர், குரலின் நிறத்தை மாற்றும் ஈக்யூ, கடைசியில் லிமிட்டர். உறுமலை முன்னாலேயே வெட்டுவதில் மட்டும் மாற்றம் செய்யாதீர்கள். மேசையில் கை பட்ட அதிர்வு காதுக்குச் சரியாகக் கேட்காது, ஆனால் அளக்கும் பாதை அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திவிடும், எதற்காகக் குரல் திடீரென்று அமுங்குகிறது என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.